குணத்தைக் கேட்டால் குடி தெரியுமா?

திருமணப் பேச்சு தொடங்கியதும் பெண்ணைப் பெற்றவர்கள் பங்குத்தந்தையிடம் தனித்து வந்து, தாழ்ந்த குரலில் கேட்கும் வினா ஒன்று உண்டு: "சுவாமி, பையனுக்குக் குடிப்பழக்கம் உண்டா?" உத்தியோகம், ஊதியம், சொந்த வீடு பற்றிய வினாக்கள் எல்லாம் இதற்குப் பின்னரே எழுகின்றன. கேட்பவர்களின் அச்சம் நியாயமானது. ஒரு பெண்ணின் வாழ்வும், அவளுக்குப் பிறக்கப்போகும் பிள்ளைகளின் எதிர்காலமும் அந்த ஒரு விடையைப் பற்றியே நிற்கின்றன.

இவ்வினாவிற்கு விடை காண இக்காலத்தில் புதியதொரு வழி புகுந்துள்ளது. ஆளுமை வினாப்பட்டியல் என்பது அதன் பெயர். நூறு, இருநூறு, ஐந்நூறு எனச் சிறு சிறு வாக்கியங்கள் அச்சிட்ட தாள் ஒன்றைக் கொடுப்பார்கள். ஒவ்வொன்றுக்கும் 'ஆம்' அல்லது 'இல்லை' என்று குறியிட வேண்டும். குறிகளைக் கூட்டிப் பார்த்தால் அம்மனிதர் எத்தகையவர், குடிநோய்க்கு ஆளானவரா, போதைப்பொருளை நாடுபவரா என்பதெல்லாம் தெரிந்துவிடும் என்று பலர் நம்புகின்றனர். வேலைக்கு ஆள் எடுக்கும் இடங்களிலும் ஆலோசனை நிலையங்களிலும் இத்தகைய தாள்கள் புழங்குகின்றன. கைப்பேசியிலும் இலவசமாய்க் கிடைக்கின்றன. மகனின் விடைத்தாளைக் கையில் ஏந்தி, "இதில் என்ன போட்டிருக்கிறது, பாருங்கள்" என்று வரும் பெற்றோரும் உளர். இந்தத் தாளை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதை ஆராய்வதே நம் நோக்கம்.

வேடந்தாங்கலிலிருந்து மாமல்லபுரம் கடற்கரை வரை பரந்த நம் வட்டாரத்தில் இது வெறும் ஏட்டுச் சர்ச்சை அன்று. 2023ஆம் ஆண்டு மே மாதம் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்திலும், நம் மதுராந்தகம் சுற்றுவட்டாரத்துச் சிற்றூர்களிலும் மெத்தனால் கலந்த நச்சுச் சாராயத்தைக் குடித்து 20க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அடுத்த ஆண்டு ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியில் 60க்கும் மேற்பட்டோர் அவ்வாறே இறந்தனர். துயர வீடுகளில் எழுந்த கேள்வி ஒன்றே: "இவர் இவ்வளவு ஆழத்தில் இருக்கிறார் என்பதை முன்னமே அறிந்திருக்கக்கூடாதா?" அறிந்துகொள்ள வழி உண்டா, உண்டெனில் எது என்பதே நம்முன் உள்ள வினா.

அளவுகோல் எதை அளக்கிறது?

உளநூலார் எந்த அளவுகோலையும் இரண்டு வினாக்களால் சோதிப்பர். மறுமுறை அளந்தாலும் அதே அளவு கிடைக்கிறதா என்பது முதல் வினா. இதனை நம்பகத்தன்மை என்பர். அளக்க வந்த பொருளைத்தான் அது அளக்கிறதா என்பது இரண்டாம் வினா. இதனை ஏற்புடைமை என்பர். களத்துமேட்டில் மரக்கால் கொண்டு அளக்கும்போது, பத்து முறை அளந்தாலும் பத்து மரக்கால் பத்தாகவே இருக்கும். ஆயினும் உள்ளே இருப்பது மணியா பதரா என்பதை மரக்கால் சொல்லாது. அதற்கு வேறு கருவியாகிய முறம் வேண்டும். ஆளுமை வினாப்பட்டியலைப் பற்றிய கேள்வியும் இத்தகையதே. அது நன்றாய் அளக்கக்கூடும். ஆனால் அளப்பது குடியையா, வேறொன்றையா?

இவ்வகைப் பட்டியல்களில் உலகப் புகழ் பெற்றது அமெரிக்காவின் மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தில் ஸ்டார்க் ஹாத்தவே, ஜே. சி. மெக்கின்லி ஆகிய இருவர் உருவாக்கி 1943இல் வெளியிட்ட பன்முக ஆளுமைப் பட்டியலாகும். ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட வாக்கியங்கள் கொண்டது. 1989இல் திருத்திய பதிப்பு வந்தது. நம் நாட்டிலும் 1960களில் பெங்களூரில் எச். என். மூர்த்தி என்னும் உளநூல் வல்லுநர் அதன் வழியில் நம்மவர்க்கேற்ற வினாப்பட்டியல் ஒன்றை அமைத்தார்.

மின்னசோட்டாப் பட்டியலிலிருந்து குடிநோயைக் கண்டறியத் தனி அளவுகோல் ஒன்றை 1965இல் பிரித்தெடுத்தவர் கிரெய்க் மக்ஆண்ட்ரூ. குடிநோய்க்குச் சிகிச்சை பெற வந்த ஆடவர்களையும், குடிநோய் இன்றி வேறு மனநோய்க்குச் சிகிச்சை பெற வந்த ஆடவர்களையும் ஒப்பிட்டு, இரு சாராரும் வேறுபட விடையளித்த வாக்கியங்களை மட்டும் அவர் பொறுக்கி எடுத்தார். குடியைப் பற்றி வெளிப்படையாகக் கேட்ட இரண்டு வாக்கியங்களை வேண்டுமென்றே நீக்கிவிட்டார். எஞ்சியவை 49. பள்ளிப் பருவத்து அடங்காமை, துணிச்சலில் நாட்டம், பிறரோடு எளிதில் பழகும் இயல்பு, சமய நம்பிக்கை போன்றவை பற்றியே அவை கேட்கின்றன. மதுவின் வாடையே அவற்றில் இல்லை.

இதன் பின்னணியில் இருந்த எண்ணம் எளிதில் விளங்கும். குடிப்பவர் குடியை மறைப்பார். நேரே கேட்டால் பொய் சொல்வார். ஆதலால் சுற்றி வளைத்துக் கேட்டு, அவரறியாமலே அவரைப் பிடித்துவிட வேண்டும். மக்ஆண்ட்ரூவின் ஆய்வில் ஏறத்தாழ 82 விழுக்காட்டினரை இந்த அளவுகோல் சரியாகவே வகைப்படுத்தியது. இதைக் கேட்டதும், "நூற்றுக்கு எண்பத்திரண்டு என்றால் போதாதா?" என்று நமக்குத் தோன்றும். போதாது. காரணத்தை நம் பங்கு ஒன்றின் கணக்கை வைத்தே விளக்குவோம்.

ஆயிரம் பேர் உள்ள பங்கில்

இந்தியச் சமூக நீதி அமைச்சகத்திற்காகப் புதுதில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகம் நடத்தி 2019இல் வெளியிட்ட அளவெடுப்பின்படி, நம் நாட்டில் 10 முதல் 75 வயது வரையுள்ளோரில் 14.6 விழுக்காட்டினர் மது அருந்துகின்றனர். குடியால் கேடுறுவோரும் குடிக்கு அடிமையானோரும் சேர்ந்து 5.2 விழுக்காட்டினர். அதாவது நூற்றுக்கு ஐவர் என்று கொள்ளலாம்.

ஆயிரம் பேர் கொண்ட பங்கு ஒன்றை எண்ணிப் பாருங்கள். அவர்களுள் குடியால் இடருற்றோர் 50 பேர். மற்ற 950 பேருக்கு அந்நிலை இல்லை. நூற்றுக்கு எண்பது சரியாகச் சொல்லும் தேர்வை அனைவருக்கும் வைக்கிறோம். இடருற்ற 50 பேரில் 40 பேரை அது கண்டுபிடிக்கும். பத்துப் பேரைத் தவறவிடும். இடரற்ற 950 பேரில் 760 பேரைச் சரியாக விடுவிக்கும். மீதி 190 பேரையும் 'குடிநோயாளர்' என்றே முத்திரையிடும். ஆகத் தேர்வு சுட்டிக்காட்டியவர் 230 பேர். அவர்களுள் உண்மையில் இடருற்றவர் 40 பேர் மட்டுமே. குற்றஞ்சாட்டப்பட்ட ஆறு பேரில் ஒருவரைப் பற்றித்தான் தாள் மெய் சொல்லியிருக்கிறது!

மருத்துவமனையில் பாதிப்பேர் குடிநோயாளராய் இருந்த கூட்டத்தில் நன்றாய் வேலை செய்த கருவி, பொதுமக்கள் நடுவே வரும்போது இவ்வாறு தடுமாறுகிறது. கருவி மாறவில்லை. கூட்டத்தில் நோயாளரின் விகிதம் மாறிவிட்டது. பால் மீல், ஆல்பர்ட் ரோசன் என்னும் இருவர் இந்த நியதியை 1955இலேயே எடுத்துக்காட்டினர். மக்ஆண்ட்ரூவின் அளவுகோலைக் கண்ட இடமெல்லாம் பயன்படுத்துவது தவறான பிரயோகம் என்று 1989இல் இர்விங் காட்டெஸ்மன், கேரல் பிரெஸ்காட் ஆகியோர் இதே காரணத்தைக் காட்டிக் கடுமையாக எச்சரித்தனர்.

இந்த 190 பேரில் ஒருவர் நம் மகனாகவோ மருமகனாகவோ இருந்தால்? துணிச்சலும் கலகலப்பும் உள்ள, குடியைத் தொட்டறியாத ஓர் இளைஞனுக்குப் பெண் மறுக்கப்படும். வேலை மறுக்கப்படும். மறுபுறம், தவறவிடப்பட்ட அந்தப் பத்துப் பேரின் வீடுகளில் நிகழ்வது இதனினும் கொடிது. "தேர்வு வைத்தோம், ஒன்றும் இல்லை என்று வந்தது" என்ற போலி ஆறுதலில் அவர்கள் ஆண்டுகளை இழப்பார்கள்.

குடிப்பவர்க்கென்று தனிக்குணம் உண்டா?

'குடிகாரர் குணம்' என்று ஒன்று இருப்பதாகவே நாம் அனைவரும் பேசுகிறோம். கோழை, சோம்பேறி, பொறுப்பில்லாதவன் என்று அடுக்குகிறோம். ஆனால் அதுவரை வெளிவந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த அறிஞர்கள், குடிநோயாளர் அனைவர்க்கும் பொதுவான ஆளுமை எதுவும் நிறுவப்படவில்லை என்று 1950ஆம் ஆண்டிலேயே முடிவுரைத்தனர்.

இதில் மிகுந்த ஒளி பாய்ச்சியது ஜார்ஜ் வேலண்ட் என்னும் அமெரிக்க மனநல மருத்துவர் 1983இல் வெளியிட்ட நூல். ஹார்வர்டு கல்லூரியில் பயின்ற இளைஞர்களும் பாஸ்டன் நகரின் ஏழைப் பகுதிகளில் வளர்ந்த இளைஞர்களுமாக இரு கூட்டத்தாரைப் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வுகளின் பயன் அது. குடிக்கத் தொடங்குமுன்னரே அவர்களைப் பற்றிய குறிப்புகள் இருந்தமையால், எது முன், எது பின் என்று பிரித்தறிய இயன்றது. மனச்சோர்வு, பிறரைச் சார்ந்து நிற்றல், அச்சம் ஆகிய குணங்கள் பெரும்பாலும் குடிக்குப் பின்னர் வந்தவை என்று வேலண்ட் கண்டார். குடும்பத்தில் குடிநோய் இருந்ததும், குடியைப் பற்றி வளர்ந்த சமூகம் கொண்டிருந்த வழக்கமும் பெருங்காரணங்களாய்த் தென்பட்டன. ஏழைப் பகுதி இளைஞரிடம் சிறு வயதுக் கட்டுமீறலும் ஓரளவு முன்னறிவிப்பாய் இருந்தது.

குணத்திற்குப் பங்கே இல்லை என்றும் கூறிவிட முடியாது. மின்னசோட்டாவில் கல்லூரியில் சேர்ந்தபோது அந்தப் பட்டியலை எழுதிய மாணவர்களுள், சராசரி 13 ஆண்டுகளுக்குப் பின் குடிநோய்க்குச் சிகிச்சை பெற வந்தவர்களின் பழைய விடைத்தாள்களை 1970களில் எடுத்துப் பார்த்தனர். உடன் பயின்றோரைவிட அவர்களிடம் படபடப்பும் கட்டுக்கடங்காமையும் சற்று மிகுதியாய்க் காணப்பட்டன. எனினும் அன்று அவர்கள் மனநோயாளராய்த் தோன்றவில்லை. ஆகவே குணம் காட்டுவது ஒரு சாய்வு. மேடு பள்ளம் எங்கே என்று சொல்லுமேயன்றி, நீர் வந்துவிட்டது என்று சொல்லாது.

இன்னுமொரு சிக்கல் உண்டு. குடியிலிருந்து மீளும் முதல் நாட்களில் எழுதப்படும் விடைத்தாள் யாருடைய குணத்தைக் காட்டுகிறது? சாண்ட்ரா பிரவுன், மார்க் ஷுக்கிட் ஆகியோர் 1988இல் வெளியிட்ட ஆய்வில், சிகிச்சைக்குச் சேர்ந்த குடிநோயாளரான ஆடவருள் 42 விழுக்காட்டினரிடம் கடும் மனச்சோர்வு காணப்பட்டது. குடியின்றி நான்கு வாரம் சென்றபின் அது 6 விழுக்காட்டினரிடம் மட்டுமே எஞ்சியது. முதல் நாளில் தாளை நிரப்பியிருந்தால், மதுவின் எச்சத்தை மனிதனின் இயல்பு என்று எழுதி வைத்திருப்போம். "அவன் சுபாவமே அப்படித்தான்" என்று நாம் கைவிட்டவர்களுள் எத்தனை பேரின் சுபாவம், உண்மையில், புட்டியின் சுபாவமாய் இருந்ததோ!

ஏரிக்கரையில் ஒரு பாடம்

வேடந்தாங்கல் ஏரிக்கரையில் பருவகாலத்தில் நின்று பாருங்கள். வெளியூரிலிருந்து வருவோர், நீர்க்கடம்ப மரங்களில் வெண்மையாய் அமர்ந்திருப்பவை அனைத்தையும் 'கொக்கு' என்று சொல்லி மகிழ்வர். உள்ளூர் உழவர் அவ்வாறு சொல்லார். 1798ஆம் ஆண்டிலேயே செங்கல்பட்டு ஆட்சியர் லயனல் பிளேஸிடமிருந்து பறவைகளைக் காக்கும் உறுதிச்சீட்டைப் பெற்ற ஊர் அது. தலைமுறை தலைமுறையாய்ப் பறவையோடு பழகிய கண்கள் அவர்களுடையவை. கரண்டிவாயனும் வெள்ளை, அரிவாள் மூக்கனும் வெள்ளை, உண்ணிக்கொக்கும் வெள்ளையே. நிறத்தைக் கொண்டு அவற்றின் இரையை அறிய இயலாது. கரண்டிவாயன் அலகை நீரில் இடமும் வலமும் வீசித் துழாவும். அரிவாள் மூக்கன் சேற்றில் குத்தித் தேடும். உண்ணிக்கொக்கு மேயும் மாட்டின் பின்னே நடக்கும். பறவை எதை உண்கிறது என்று அறிய வேண்டுமாயின், அது உண்ணும்போது பார்க்க வேண்டும்.

மனிதனின் குடியைப் பற்றி அறிவதும் அவ்வாறே. இறகின் நிறத்தை ஆராய்வதைவிட, குடியைப் பற்றியே கேட்பது மேல். அறிவியலும் இப்பக்கமே திரும்பியுள்ளது.

நேரே கேட்கும் வினாக்கள்

1971இல் மிச்சிகனைச் சேர்ந்த மெல்வின் செல்சர் 25 வினாக்கள் கொண்ட பட்டியல் ஒன்றை வெளியிட்டார். குடியால் வேலை போயிற்றா, மனைவி வருந்தினாரா, சண்டை நேர்ந்ததா என்று வெளிப்படையாகக் கேட்பது அது. 1984இல் ஜான் யூவிங் என்னும் மருத்துவர் நான்கே வினாக்கள் கொண்ட பட்டியல் ஒன்றை வெளியிட்டார். குடியைக் குறைக்க வேண்டும் என்று எப்போதாவது எண்ணியதுண்டா? உங்கள் குடியைப் பிறர் குறை கூறியது எரிச்சலூட்டியதா? குடித்ததற்காகக் குற்ற உணர்வு கொண்டதுண்டா? காலையில் எழுந்ததும் நடுக்கம் தீரக் குடித்ததுண்டா? இவற்றுள் இரண்டிற்கு 'ஆம்' என்றால், மருத்துவர் மேலும் விசாரிக்க வேண்டும் என்பது முறை.

உலக சுகாதார நிறுவனம் ஆறு நாடுகளில் ஆய்ந்து, 1989இல் பத்து வினாக்கள் கொண்ட பட்டியலைத் தந்தது. எத்தனை முறை, எவ்வளவு என்று மூன்று வினாக்கள். அடிமைத்தன்மை பற்றி மூன்று. விளைந்த கேடுகள் பற்றி நான்கு. மொத்த மதிப்பெண் 40. எட்டும் அதற்கு மேலும் வந்தால் கேட்டுக்குரிய குடி என்று கொள்வர். வட இந்தியாவில் இதனைச் சோதித்த ஆய்வு 2004இல் வெளிவந்தது. போதைப்பொருள்களுக்கென ஹார்வி ஸ்கின்னர் 1982இல் அமைத்த பட்டியல் ஒன்று உண்டு. புகையிலை, மது, கஞ்சா, உறக்க மாத்திரை முதலிய அனைத்தையும் வரிசையாகக் கேட்கும் உலக சுகாதார நிறுவனப் பட்டியலின் ஆய்வில் இந்தியாவும் பங்கேற்றது.

மறைமுக வினாக்களுக்கும் நேர் வினாக்களுக்கும் நடந்த போட்டியில் வென்றது எது? மின்னசோட்டாப் பட்டியலின் திருத்திய பதிப்பிலிருந்தே, போதைப் பழக்கத்தை வெளிப்படையாகக் கேட்கும் 13 வாக்கியங்களை 1992இல் தனி அளவுகோலாக்கினர். பின்வந்த ஆய்வுகள் பலவற்றில், மக்ஆண்ட்ரூவின் 49 மறைமுக வாக்கியங்களை இந்த 13 நேர் வாக்கியங்கள் விஞ்சி நின்றன. மறைப்பவரையும் பிடிக்கும் என்று விளம்பரம் பெற்ற வேறொரு மறைமுகப் பட்டியலைச் சாரா ஃபெல்ட்ஸ்டைன், வில்லியம் மில்லர் இருவரும் 2007இல் ஆய்ந்தனர். நேரே கேட்பதைவிட அது மேலானது என்பதற்குச் சான்று இல்லை என்பதே அவர்கள் கண்ட முடிவு.

"ஒண்ணே ஒண்ணுதான் சுவாமி"

நேர் வினாவும் நம் மண்ணுக்கேற்பக் கேட்கப்பட வேண்டும். "எவ்வளவு குடிப்பாய்?" என்று கேட்டால், "ஒண்ணே ஒண்ணுதான் சுவாமி" என்று நம்மவர் சொல்வர். அது பொய்யன்று. அந்த 'ஒன்று' ஒரு குவார்ட்டர். அதாவது 180 மில்லி. நம் நாட்டில் விற்கும் பிராந்தி, ரம் வகைகளில் 42.8 விழுக்காடு ஆல்கஹால் உள்ளது. கணக்கிட்டால் ஒரு குவார்ட்டரில் ஏறத்தாழ 60 கிராம் தூய ஆல்கஹால். உலக சுகாதார நிறுவனப் பட்டியலில் ஓர் அளவு என்பது 10 கிராம். ஆகவே நம்மவரின் 'ஒன்று' அங்கே ஆறு! ஒரே வேளையில் ஆறு அளவோ அதற்கு மேலோ குடிப்பது எத்தனை முறை என்பதே அப்பட்டியலின் மூன்றாம் வினா. இதனை உணராமல் மொழிபெயர்த்துக் கேட்டால், இடரின் விளிம்பில் நிற்பவரும் மிதமாகக் குடிப்பவராய்க் கணக்கில் ஏறிவிடுவார்.

ஆளுமை வினாக்களுக்கோ இந்த இடையூறு இன்னும் பெரிது. வழிபாடு பற்றிய வினா, பாதிப்பேர் கோயிலுக்குப் போகாத நகரில் மனிதரைப் பிரித்துக் காட்டக்கூடும். ஞாயிறு தோறும் ஊரே கூடும் நம் பங்குகளில் அது யாரையும் பிரிக்காது. மேலும், பெரியவர் கேட்டால் மறுத்துப் பேசலாகாது என்ற பண்பில் வளர்ந்தவர்கள் நாம். கேட்பவர் மனம் கோணாதிருக்க 'ஆம்' என்போம். தாள் நம் பணிவையும் குணக்கேடாய் எண்ணிக் கூட்டிவிடும்.

"சரி, நேரே கேட்டால் பொய் சொல்வார்களே?" என்ற ஐயம் எஞ்சி நிற்கிறது. கனடாவில் லிண்டா சோபெல், மார்க் சோபெல் தம்பதியர் இதனைப் பல்லாண்டுகள் ஆய்ந்தனர். கேட்கும் நேரத்தில் அவர் போதையின்றி இருக்க வேண்டும். சொன்னது வெளியே போகாது என்ற உறுதி வேண்டும். சொன்னதற்காகத் தண்டனை வரலாகாது. வினா தெளிவாய் இருக்க வேண்டும். இவை அமைந்தால் குடிப்பவரின் வாய்மொழி பெரும்பாலும் நம்பத்தக்கதாகவே இருக்கிறது. நாட்காட்டியை முன்வைத்து, நாள் நாளாய் நினைவுகூரச் செய்யும் முறையையும் அவர்கள் வகுத்தனர். சம்பள நாள், திருவிழா, உறவினர் திருமணம் என்று அடையாள நாட்களைப் பற்றிக்கொண்டு கேட்டால், மறந்ததும் நினைவிற்கு வரும். மனைவியின் சொல்லையும் உடன் கேட்டு ஒப்பிடலாம். சிறுநீர்ச் சோதனை, இரத்தச் சோதனை ஆகியவை துணை செய்யும். ஆனால் அவை அண்மையில் உட்கொண்டதையோ உடலுக்கு நேர்ந்த கேட்டையோ காட்டுமேயன்றி, அடிமையானதை அவை மட்டும் சொல்லமாட்டா.

இங்கே குடும்பங்கள் கருத வேண்டிய உண்மை ஒன்று உண்டு. பொய் பெரும்பாலும் குடிப்பவரின் குணத்திலிருந்து வருவதில்லை. கேட்கும் இடத்திலிருந்து வருகிறது. மாமனார் முன்னிலையில், பிள்ளைகள் பார்த்திருக்க, "இன்றைக்கும் குடித்தாயா?" என்று உரத்துக் கேட்டால் யார்தான் மெய் சொல்வார்?

எங்கே உதவும், எங்கே உதவாது?

ஆளுமைத் தேர்வுகளைக் குப்பையில் எறிய வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. குடிநோய் உண்டென்று தெரிந்தபின், சில வாரம் மது இன்றி இருந்தவருக்கு, பயிற்சி பெற்ற உளநூல் வல்லுநர் ஒருவர் வைக்கும் தேர்வு பயன் தரும். தணியாத மனச்சோர்வு உளதா, தற்கொலை எண்ணம் உண்டா, எளிதில் நிதானம் இழப்பவரா என்று அறிந்து, அதற்கேற்பச் சிகிச்சையை வகுக்கலாம். அங்கே தேர்வு மருத்துவருக்கு ஒரு கைவிளக்கு. தீர்ப்புச் சொல்லும் நீதிபதியின் இடத்தை அதற்குக் கொடுக்கலாகாது.

குருமடங்களில் சேர விரும்புவோருக்கு உளநூல் தேர்வு வைப்பதைப் பற்றிக் கத்தோலிக்கக் கல்விக்கான பேராயம் 2008இல் வழிகாட்டி ஒன்றை வெளியிட்டது. தேர்வு எழுதுபவர் அறிந்து, சுதந்திரமாக இசைவு தந்திருக்க வேண்டும் என்று அது வலியுறுத்துகிறது. குருமாணவருக்கு உரிய இம்மதிப்பு, மணமகனுக்கும் தொழிலாளிக்கும் மாணவனுக்கும் உரியதன்றோ? நம் நாட்டின் 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டமும், மது, போதைப்பொருள் ஆகியவற்றால் விளையும் மனநிலைகளை மனநோய் என்றே ஏற்கிறது. நோயைப் பற்றிய செய்தி இரகசியமாய்க் காக்கப்படுவது நோயாளியின் உரிமை என்கிறது. சமூகத்தின் ஒழுக்க வழக்கிற்கு ஒருவர் ஒத்துப்போகவில்லை என்பதைக் கொண்டு அவரை மனநோயாளர் என முடிவு செய்யலாகாது என்றும் விதிக்கிறது. கலகலப்பையும் துணிச்சலையும் எண்ணிக் கூட்டி ஒருவரைக் குடிநோயாளர் என்போர் இதனை ஒருமுறை படிப்பது நன்று.

குடும்பங்கள் செய்யத்தக்கவை

முதலாவது, மணப்பேச்சில் தாளை நம்பாதீர்கள். பையனிடமே, தனிமையில், பண்போடு, குடியைப் பற்றி நேரே கேளுங்கள். அவன் 'உண்டு' என்று சொன்னால், சொன்ன நேர்மைக்கும் மதிப்பளியுங்கள். எத்தனை முறை, எவ்வளவு, விட முயன்றதுண்டா என்று அடுத்துக் கேளுங்கள். அவனோடு வேலை செய்வோரையும் விசாரியுங்கள்.

இரண்டாவது, வீட்டில் ஒருவர் குடிப்பதைப் பற்றி ஐயம் எழுந்தால், அவருடைய குணத்தைத் தொடாதீர்கள். "நீ பொறுப்பில்லாதவன்" என்ற சொல்லுக்கு மறுமொழி சண்டையே. "சென்ற சனிக்கிழமை சம்பளத்தில் எவ்வளவு மீந்தது? காலையில் கை நடுங்குகிறதே, எத்தனை நாளாய்?" என்ற வினாவிற்கு விடை உண்டு. காலை வேளையில், அவர் தெளிவாய் இருக்கும்போது, பிள்ளைகள் இல்லாத இடத்தில் கேளுங்கள்.

மூன்றாவது, நாள்தோறும் மிகுதியாய்க் குடித்தவரை அறையில் பூட்டி வைத்துத் திடீரென நிறுத்தச் செய்யாதீர்கள். வலிப்பும் சித்தப் பிரமையும் தோன்றி உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவரின் மேற்பார்வை தேவை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவை நாடலாம். சென்னையில் கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980இல் தொடங்கிய டி. டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு நிறுவனத்தின் மருத்துவமனை, குடிநோயாளர்க்கும் குடும்பத்தார்க்கும் சேர்த்தே சிகிச்சை தரும் மரபை நம் நாட்டில் வளர்த்தது. பெயர் கேட்காமல் வரவேற்கும் 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' கூட்டங்களும், குடும்பத்தாருக்கான 'ஆல்-அனான்' கூட்டங்களும் உள்ளன. தொலைபேசியில் ஆலோசனை பெற, மனநலத்திற்கு 14416, போதை மீட்புக்கு 14446 ஆகிய அரசு எண்களை அழைக்கலாம்.

இறுதியாக, இதனைப் படிக்கும் ஆடவரிடம் ஒரு வேண்டுகோள். மேலே தந்த நான்கு வினாக்களை எவரும் உங்களிடம் கேட்கும் வரை காத்திராமல், இன்றிரவு நீங்களே உங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். விடைத்தாள் வேண்டா, மதிப்பெண் வேண்டா, பக்கத்தில் யாரும் வேண்டா. இரண்டிற்கு 'ஆம்' என்று உள்ளம் சொன்னால், நீங்கள் கெட்டவர் என்பது அதன் பொருளன்று. மருத்துவரைக் காண வேண்டிய வேளை வந்துவிட்டது என்பதே பொருள். அவ்விடையை மறுநாள் காலையில் உங்கள் மனைவியிடம் சொல்லிப் பாருங்கள். ஆண்டுக்கணக்காய் அவர் காத்திருந்த சொல் அதுவாகவே இருக்கக்கூடும்.